விளைவிக்காதே என்று காசு கொடுத்த தேசம்

2025 மே மாதம் ஜப்பானின் விவசாய அமைச்சர் எத்தோ தாக்கு ஒரு கட்சிக் கூட்டத்தில் பேசினார். தான் காசு கொடுத்து அரிசி வாங்கியதே இல்லையாம். ஆதரவாளர்கள் கொடுத்தனுப்புவதே வீட்டில் விற்கிற அளவுக்குக் கிடக்கிறதாம். ஜோக்கடித்ததாக நினைத்திருப்பார் பாவம். அந்த நேரத்தில் டோக்கியோ கடைகளில் 5 கிலோ அரிசிப் பை 4,000 யென்னைத் தாண்டி, முந்தைய வருட விலையைப்போல் இரண்டு மடங்காக நின்றுகொண்டிருந்தது. மூன்றே நாளில் அமைச்சர் ராஜினாமா.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறு விஷயம். சுமார் ஐம்பது வருடமாக ஜப்பான் அரசின் தலைவலி அரிசி அதிகமாக விளைவதுதான். விவசாயியைக் கூப்பிட்டு, "ஐயா, இந்த வருஷம் கொஞ்சம் வயலைச் சும்மா போடுங்கள், காசு தருகிறோம்" என்று கெஞ்சிய நாடு அது. அப்படிப்பட்ட ஊரில் எப்படி அரிசிப் பஞ்சம் வந்தது?

நம் பக்கத்தில் ஜப்பான் விவசாயம் என்றால் பெரும்பாலும் ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'தான் நினைவுக்கு வரும். அது ஒரு தனி மனிதரின் வழி, அதை இங்கே தொடவில்லை. நான் சொல்லப்போவது சட்டம், விலை, ஓட்டு மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன வயலை என்ன செய்தன என்ற கதை. பி.காம். படிக்கிறவனுக்கு இதில்தான் ருசி.

கதை 1945ல் ஆரம்பிக்கிறது. போரில் தோற்ற ஜப்பானில் அப்போது சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய 46 சதவீதம் குத்தகை நிலம். குத்தகையைப் பெரும்பாலும் நெல்லாகவே அளக்க வேண்டும், அதுவும் விளைச்சலில் பாதி அளவுக்கு. மழை பொய்த்தாலும் பூச்சி விழுந்தாலும் நிலக்காரருடைய பங்கைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சத்தான் முடியும். 1920களிலேயே இதற்காக ஊர் ஊராகத் தகராறு நடந்திருக்கிறது.

1945 டிசம்பரில் மக்ஆர்தரின் தலைமையகம் நிலச்சீர்திருத்தம் செய்யச் சொல்லி உத்தரவு போட்டது. இதை முழுக்க முழுக்க அமெரிக்காக்காரன் செய்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. ஜப்பானிய அதிகாரிகள் போருக்கு முன்பிருந்தே இதற்கு வரைவு போட்டு வைத்திருந்தார்கள். அப்போதைய விவசாய அமைச்சர் மத்சுமுரா கென்சோ தானே ஒரு சட்டமும் கொண்டுவந்தார். ஆனால் அதில் நிலக்காரர் 5 'சோ' வரை குத்தகை நிலம் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஒரு சோ என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். அங்கே பெரும்பாலான நிலக்காரர்களிடம் மொத்தமே அவ்வளவு கிடையாது. அதாவது சட்டம் வந்தாலும் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது! (நமக்குப் பழக்கமான கதை.)

தலைமையகம் இதை ஏற்கவில்லை. 1946 அக்டோபரில் இரண்டாவது சட்டம் வந்தது. வெளியூரில் உட்கார்ந்திருக்கும் நிலக்காரரின் குத்தகை நிலம் முழுவதும் போய்விடும். உள்ளூரில் இருப்பவர் ஒரு சோ மட்டும் குத்தகைக்கு விட்டு வைத்துக்கொள்ளலாம். ஹொக்கைதோவில் மட்டும் நான்கு சோ. மீதியை அரசு கட்டாயமாக வாங்கி, உழுகிறவருக்கே விற்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அமல் செய்த விதம். தாசில்தார் ஜீப்பில் வந்து அளந்து கொடுக்கவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் நிலக் கமிட்டி அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் குத்தகைக்காரர்கள் ஐந்து பேர், நிலக்காரர்கள் மூன்று பேர், சொந்த நிலம் உழுகிறவர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு தரப்பும் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கும். யார் நிலத்தை யார் உழுகிறார் என்பது ஊருக்குத் தெரியாதா? பினாமி வேலை செய்ய முடியவில்லை. சில வருடங்களுக்குள் சுமார் 19 லட்சம் ஹெக்டேர் கைமாறியது. 1950ல் குத்தகை நிலம் பத்து சதவீதத்துக்கு வந்துவிட்டது.

விலை? நெல் வயலுக்கு, சட்டம் நிர்ணயித்த குத்தகை மதிப்பைப்போல் 40 மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போருக்குப் பிந்தைய பணவீக்கம் அந்தத் தொகையைத் தின்று தீர்த்துவிட்டது. கால் ஏக்கர் வயல் சில பாக்கெட் சிகரெட் விலைக்குப் போனது என்று ஜப்பானில் இன்றும் சொல்வார்கள். நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், இது நியாயமான நஷ்ட ஈடா என்று கேட்டார்கள். 1953ல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கமே தீர்ப்புச் சொன்னது. அவர்களில் பலர் ஜமீன்தார்கள் இல்லை. போருக்குப் போனவன் திரும்பாததால் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த வீடுகளும் அதில் அடக்கம். அவர்களுடைய வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. அப்படியும், மொத்தக் கணக்கில் இந்தச் சீர்திருத்தம் சரி என்றே நான் நினைக்கிறேன். அறுவடையில் பாதியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் முதல்முறையாக வருட முடிவில் கையில் மிச்சம் பார்த்தன.

இந்த வேலையில் தலைமையகத்துக்கு ஆலோசகராக இருந்தவர் வுல்ஃப் லடேஜின்ஸ்கி. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர். விவசாயிக்கு நிலம் கொடுத்துவிட்டால் கம்யூனிசம் வராது என்பது அவருடைய கட்சி. அப்பேர்ப்பட்டவரையே 1954 கடைசியில் அமெரிக்க விவசாயத் துறை 'பாதுகாப்புக்கு ஆபத்தானவர்' என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பியது. அது மெக்கார்த்தி காலம், வேறென்ன சொல்ல.

இவருக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1963ல் இந்தியத் திட்டக் கமிஷனுக்காக, 'பாக்கேஜ்' திட்டம் நடந்த ஐந்து மாவட்டங்களில் குத்தகை நிலவரத்தை ஆராய வந்தார். அதில் ஒன்று தஞ்சாவூர். சட்டம் இருக்கிறது, ஆனால் உழுகிறவர் கையில் எழுத்து கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்பதே அவர் கண்டது. ஊர்க் கமிட்டியில் குத்தகைக்காரர் ஐந்து பேரை உட்காரவைத்த மனிதர், காவிரிக் கரையில் நின்று என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, ஜப்பானுக்குத் திரும்புவோம். நிலம் கொடுத்தாயிற்று. அது மறுபடி பெரிய கைகளுக்குப் போய்விடக்கூடாதே! 1952ல் விவசாய நிலச் சட்டம் வந்தது. உழுகிறவர்தான் நிலம் வைத்திருக்கலாம். கம்பெனி வாங்க முடியாது. குத்தகைக்கு விட்டால் குத்தகைக்காரரை எளிதில் கிளப்ப முடியாது. அன்றைய நிலையில் மூன்றுமே புரிந்துகொள்ளக்கூடிய விதிகள்தான். ஆனால் இதற்கு ஒரு பக்க விளைவு இருந்தது. விட்டால் திரும்பி வராது என்ற பயத்தில், முடியாதவர்கூடப் பக்கத்து வயல்காரருக்குக் குத்தகைக்கு விடத் தயங்கினார். சுமார் ஒரு ஹெக்டேர் பண்ணை, அதுவும் நாலைந்து துண்டுகளாகச் சிதறி, அப்படியே உறைந்துவிட்டது.

இதற்கிடையில் தொழிற்சாலைகள் கிளம்பிவிட்டன. வடகிழக்கு மாகாணங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தனி ரயில் வைத்து டோக்கியோவின் உவேனோ ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். 'தங்க முட்டைகள்' என்று அவர்களுக்குச் செல்லப் பெயர். பனிக்காலத்தில் அப்பாமார்களும் கட்டட வேலைக்குப் போனார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கட்டுமானத்தில் அவர்களுடைய வியர்வை நிறைய. ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டது யார்? தாத்தா, பாட்டி, அம்மா. ஜப்பானிய மொழியில் இந்த மூன்று உறவுமே 'சான்' என்று முடியும், அதனால் 'மூன்று சான் விவசாயம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அரசுக்கும் இது தெரிந்தது. 1961ல் விவசாய அடிப்படைச் சட்டம் கொண்டுவந்தார்கள். கணக்கு எளிமையானது. நகரத்துக்குப் போகிறவர் நிலத்தை விற்பார், தங்குகிறவர் வாங்குவார், பண்ணை பெரிதாகும், விவசாயிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் சமமாகும். கிளாஸில் படிக்கும் டிமாண்ட்-சப்ளை படம் மாதிரி அழகான திட்டம்.

நடக்கவில்லை. காரணம் இன்னொரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், அரிசி விலை.

1942ல் போர்க்காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நெல்லை அரசுதான் கொள்முதல் செய்யும். 1960லிருந்து கொள்முதல் விலை போட ஒரு புதுச் சூத்திரம் வந்தது. விவசாயக் குடும்பத்தின் உழைப்பை நகரத்துக் கூலி விகிதத்தில் கணக்கிட்டு உற்பத்திச் செலவில் சேர்க்க வேண்டும். ஆலையில் சம்பளம் ஏறினால் நெல் விலையும் ஏறும். 1960க்கும் 1968க்கும் இடையில் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருடா வருடம் கோடையில் விலை நிர்ணயிக்கும் கூட்டம் நடக்கும்போது, தலையில் துணிப்பட்டை கட்டிய விவசாயிகள் டோக்கியோவில் கோஷம் போடுவார்கள். ஆளும் லிபரல் டெமாக்ரடிக் கட்சி எம்.பி.க்கள் கிராமத்து ஓட்டில் ஜெயித்தவர்கள். மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

நகரத்துக்காரர் கோபப்படக்கூடாதே என்று, வாங்கின விலையைவிடக் குறைத்து அரிசியை விற்றார்கள். வாங்குவது அதிக விலைக்கு, விற்பது குறைந்த விலைக்கு. இதை எங்கள் அக்கவுண்டன்சி பேப்பரில் எழுதினால் முட்டைதான் கிடைக்கும். பற்றாக்குறையை பட்ஜெட் நிரப்பியது.

இந்த விலையில் ஒரு ஹெக்டேர்க்காரர் நிலத்தை ஏன் விற்பார்? வாரம் முழுக்க ஆலையிலோ ஊராட்சி ஆபீஸிலோ வேலை, ஞாயிற்றுக்கிழமை வயல். பவர் டில்லர் வந்தது, 1970களில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தன. கால் ஏக்கர் நெல்லுக்கு 1960ல் 170 மணி நேரத்துக்கு மேல் உழைப்பு தேவைப்பட்டது, 1990 வாக்கில் 45 மணி நேரம் போதும். நடவுகூட மே மாதத் தொடர் விடுமுறையில் முடிந்துவிடும். வருடத்தில் சில நாள் ஓடுகிற இயந்திரத்தை வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருந்தார்கள். தேய்மானம் போட்டுப் பார்த்தால் நஷ்டம்தான், ஆனால் சம்பளம் அதைத் தாங்கியது. 1950ல் விவசாயக் குடும்பங்களில் பாதி முழுநேர விவசாயம். 1970ல் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எப்போதாவது நெடுஞ்சாலையோ புல்லட் ரயில் பாதையோ வயல் வழியாக வந்தால் லாட்டரி. காத்திருப்பதில் லாபம் இருந்தது.

விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இது வசதி. 1947 சட்டத்தில் பிறந்த இந்தச் சங்கங்கள் உரம் விற்கும், நெல் வாங்கும், இன்சூரன்ஸ் போடும், வங்கியும் நடத்தும். பத்து பெரிய விவசாயிகளைவிட நூறு ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள் அவற்றுக்கு லாபம். நூறு உறுப்பினர், நூறு சேமிப்புக் கணக்கு, நூறு ஓட்டு. பிற்காலத்தில் இவற்றின் மொத்த டெபாசிட் நூறு லட்சம் கோடி யென் அளவுக்குப் போனது.

விலை ஏறினால் விளைச்சல் ஏறும். 1967லிருந்து மூன்று வருடம் தொடர்ந்து 1.4 கோடி டன் அளவுக்கு அரிசி. ஜனங்களோ ரொட்டிக்கும் நூடுல்ஸுக்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு வருடத்துக்கு 118 கிலோ என்று 1962ல் உச்சத்தில் இருந்த அரிசி நுகர்வு இறங்க ஆரம்பித்தது. 1970ல் அரசுக் கிடங்குகளில் தேங்கிய பழைய அரிசி 72 லட்சம் டன். விலையைக் குறைக்கத் தைரியம் இல்லை. அதனால் பரப்பைக் குறைத்தார்கள். இதுதான் 'கென்தான்'. வயலைச் சும்மா போட்டால் பணம், பிறகு கோதுமைக்கோ சோயாவுக்கோ மாறினால் பணம்.

எல்லா மாகாணத்துக்கும் எல்லா ஊருக்கும் குறைப்பைப் பங்கிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விவசாயிக்கும் முழுநேர விவசாயிக்கும் ஒரே மாதிரி வெட்டு. இது யாரை அடித்தது என்று தெரிய ஓகத்தா என்ற ஊருக்குப் போக வேண்டும்.

அகித்தா மாகாணத்தில் ஹச்சிரோகத்தா என்று ஒரு ஏரி, அப்போது ஜப்பானிலேயே இரண்டாவது பெரியதாக இருந்தது. உணவுப் பற்றாக்குறை காலத்தில், இதை வற்றடித்து வயலாக்கலாம் என்று நெதர்லாந்து நிபுணர்களைக் கூப்பிட்டு ஆலோசித்து, 1957ல் வேலையைத் தொடங்கினார்கள். சுமார் 17,000 ஹெக்டேர் நிலம் கிடைத்தது. 1964ல் ஓகத்தா கிராமம் பிறந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊர், இன்றும் பம்பு ஓடினால்தான் ஊர். நாடு முழுவதிலிருந்தும் ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, குடும்பத்துக்கு 10 ஹெக்டேர் கொடுத்தார்கள். நாட்டின் சராசரியைப்போல் பத்து மடங்கு! 1961 சட்டம் கனவு கண்ட பெரிய பண்ணை இதுதான், மாதிரி கிராமம் இதுதான் என்று பேச்சு. சொந்த ஊரில் இருந்ததை விற்றுவிட்டு, கடன் வாங்கி வந்தவர்கள் பலர்.

அவர்கள் நெல் விதைத்துச் சில வருடம்கூட ஆகவில்லை, கென்தான் வந்துவிட்டது. அரசே கூப்பிட்டு, நெல் போடுங்கள் என்றது. அதே அரசு இப்போது குறையுங்கள் என்கிறது. பிறகு நிலத்தை 15 ஹெக்டேராக உயர்த்தி, பாதி நெல், பாதி வேறு பயிர் என்று நிபந்தனை போட்டார்கள். ஏரியடிச் சேறு அது. தண்ணீர் வடியாத மண்ணில் கோதுமையும் சோயாவும் எப்படிப் பிழைக்கும்? கடனுக்குத் தவணை கட்ட வேண்டியவர்கள் கூடுதலாக நெல் நட்டார்கள். 1975லும் 1978லும், அதிகமாக நட்ட பயிரைக் கதிர் முற்றும் முன்பே பச்சையாக அறுத்துப் போடச் சொல்லி உத்தரவு. மறுத்தால் நிலமே போய்விடும். தன் கையால் நட்டதைத் தானே பச்சையாக அறுப்பது எப்படிப்பட்ட வேலை என்று எந்த விவசாய வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

ஊர் இரண்டாக உடைந்தது. அரசு சொல்வதைக் கேட்போம் என்று ஒரு பக்கம், இஷ்டப்படி நட்டு இஷ்டப்படி விற்போம் என்று இன்னொரு பக்கம். அண்டை வீட்டார் பேசிக்கொள்ளாமல் போனார்கள். அரசு வழியாகப் போகாத அரிசிக்குச் சட்டப்படி 'கள்ள அரிசி' என்று பெயர். 1985ல் ஊரிலிருந்து வெளியே போகும் சாலைகளில் செக்போஸ்ட் போட்டு லாரிகளை நிறுத்தினார்கள். தேடியது தன் வயலில் தானே விளைவித்த அரிசியை! அந்தக் கள்ள அரிசிக்காரர்கள்தான் பிறகு நகரத்து வீடுகளுக்கு நேரடியாக அனுப்பும் வியாபாரத்தைக் கற்றுக்கொண்டார்கள். 1995ல் பழைய உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டமே ஒழிந்தது. அவர்கள் செய்தது சாதாரண வியாபாரம் ஆகிவிட்டது.

என் பார்வையில் சிக்கல் நிலச்சீர்திருத்தத்தில் இல்லை, 1960ன் விலைச் சூத்திரத்தில் இருக்கிறது. ஒரு விலைக்குள் இரண்டு வேலையைத் திணித்தார்கள். விவசாயிக்கு வருமானம் கொடுக்கவும் அதுவே, எவ்வளவு விளைய வேண்டும் என்று சொல்லவும் அதுவே. இரண்டாவது வேலையை அதனால் செய்ய முடியவில்லை, அதற்குப் பதிலாக வந்ததுதான் கென்தான். வருமானத்தை நேரடியாகக் கையில் கொடுத்துவிட்டு விலையை அதன் போக்கில் விட்டிருக்கலாம். ஐரோப்பாவே 1990களில்தான் அந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1993ல் ஒருமுறை மணி அடித்தது. கோடை குளிர்ந்துபோய் விளைச்சல் வழக்கத்தைவிடக் கால் பங்குக்கு மேல் விழுந்தது. அவசரமாக 26 லட்சம் டன் அளவுக்கு இறக்குமதி. தாய்லாந்து அரிசியை ஒட்டவில்லை, வாசம் வேறு என்று ஒதுக்கினார்கள். (நமக்குக் கொடுத்திருந்தால் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருப்போம்.) மறு வருடம் நல்ல மகசூல், எல்லாம் மறந்துபோனது. கென்தான் தொடர்ந்தது. பிற்காலத்தில் நெல் வயலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நெல் இல்லை.

2018ல் ஊர் ஊராக ஒதுக்கீடு போடுவதை நிறுத்தினார்கள். ஆனால் மாட்டுக்கும் கோழிக்குமான தீவன நெல்லுக்கு மாறினால் மானியம் என்பது நிற்கவில்லை. சாப்பாட்டு அரிசி உற்பத்தி 70 லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது, அதாவது 1960களின் உச்சத்தில் பாதிகூட இல்லை. தேவையை ஒட்டி இவ்வளவு இறுக்கமாக விளைவித்தால் ஒரு தட்டு தட்டினாலே போதும். 2023ல் கடும் வெயில் அரிசியின் தரத்தைக் கெடுத்தது. 2024 ஆகஸ்டில் பெரிய நிலநடுக்கம் வரலாம் என்ற எச்சரிக்கையில் ஜனங்கள் வாங்கிக் குவிக்க, கடைத்தட்டுகள் காலி. அமைச்சர் பதவி போனது இதன் தொடர்ச்சியில்தான். அவருக்குப் பின் வந்த கொய்சுமி ஷின்ஜிரோ அரசு இருப்பிலிருந்த பழைய அரிசியை 5 கிலோ 2,000 யென் அளவில் கடைகளுக்கு விட்டார், விடியற்காலையிலிருந்தே க்யூ.

2025 ஆகஸ்டில் பிரதமர் இஷிபா, இனி உற்பத்தியைப் பெருக்குவோம் என்றார். அக்டோபரில் பிரதமர் மாறினார், புது விவசாய அமைச்சர் சுசுகி, தேவைக்கு ஏற்ற உற்பத்திதான் என்று பழைய பாட்டுக்கே திரும்பினார்.

பெருக்கு என்று சொன்னாலும் யார் பெருக்குவது என்ற கேள்வி இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில், விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்கள் 13.6 லட்சம் பேர்தான். சராசரி வயது 67.8. பிள்ளைகள் டோக்கியோவிலும் ஒசாகாவிலும். 2014லிருந்து மாகாணத்துக்கு ஒரு நில வங்கி வைத்து, முடியாதவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து முடிந்தவருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். 2020ல் சாகுபடி நிலத்தில் நாற்பது சதவீதத்துக்குப் பக்கம் குத்தகை நிலம் ஆகிவிட்டது. 1945ல் இருந்த 46க்கு அது அதிக தூரம் இல்லை. வித்தியாசம், இப்போது குத்தகைக்காரரைத் தேடி அலைவது நிலக்காரர். பல ஊர்களில் குத்தகைப் பணமே வேண்டாம், களை மண்டாமல் உழுதுகொண்டிருந்தால் போதும் என்கிறார்கள்.